டீ பேக், கலவைத் தேயிலை: சுவைத்து மதிப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலசரக்குக் கடையில் தேயிலைக்கென்று ஒதுக்கியிருக்கும் அடுக்கில் டஸ்ட் டீ, இலைத் தேயிலை, டீ பேக், கிரீன் டீ, இஞ்சியும் ஏலக்காயும் சேர்த்த மசாலா டீ, ஏர்ல் கிரே என்று பல வகைகள் வரிசையாக இருக்கும். புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் விலையைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் கொதிநீரில் எவ்வளவு சீக்கிரம் நிறம் இறங்குகிறது என்று பார்க்கிறார். இவ்விரண்டில் எதுவும் நம்பத்தக்க அளவுகோல் அன்று. குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான கோப்பைகளில் சுவைத்து விலை மதிக்கும் டேஸ்டர்கள் கையாளும் முறை எளிமையானது: ஒரே எடை, ஒரே நீர், ஒரே நேரம், எல்லாக் கோப்பைகளும் அருகருகே. அம்முறையை வீட்டுச் சமையலறைக்கு ஏற்றவாறு எப்படிச் செய்து பார்ப்பது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சேகரிக்க வேண்டியவை

ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் ஐந்தாறு, அவற்றை மூடச் சிறு தட்டுகள், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, கைப்பேசியிலுள்ள டைமர், குழிவான கரண்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம் ஆகியவை போதும். எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது. அதில் டிகாஷனின் நிறத்தைக் கண்டுகொள்ள இயலாது. தினமும் மசாலா டீ வடிகட்டும் வடிகட்டியையும் ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் ஏலக்காய் வாடை அதன் வலையில் தங்கியிருக்கும். ஊதுபத்தி எரியும் நேரத்திலும், தாளிப்பு மணம் அடங்காத அடுப்படியிலும், வெற்றிலை போட்ட வாயுடனும் சுவைக்க உட்காருவதில் பயனில்லை.

கோப்பைகளைவிட முக்கியமானவை ஒப்பிடுவதற்கான மாதிரிகள். கலவைத் தேயிலையை எடுத்த எடுப்பில் சுவைத்தால் அதில் எது எங்கிருந்து வருகிறது என்று புலப்படாது. எனவே கலக்காத தேயிலைகள் நான்கை, கிடைக்கும் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வாங்கி முதல் அமர்வில் அவற்றை மட்டும் சுவையுங்கள்: அசாம் சி.டி.சி. (எந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்கியது), நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (குருணையாக்காமல் இலையைச் சுருட்டிப் பதப்படுத்தியது), இலங்கையின் உயர்நிலத் தேயிலை, டார்ஜிலிங். அசாம் தேயிலை வாயை நிரப்பும்; மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம் போன்ற ஒரு கனம் அதில் உண்டு. நீலகிரித் தேயிலையில் கனம் குறைவு, மணம் அதிகம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனி விழும் நாட்களில் பறிக்கும் கொழுந்தில் அம்மணம் உச்சத்தில் இருக்கும். இலங்கையில் 4,000 அடிக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்பார்கள். நுவரெலியா, திம்புள்ளை, ஊவா எனப் பகுதிக்கொரு குணம் உண்டென்றாலும், தெளிந்த நிறமும் நாவைச் சுண்டும் துவர்ப்பும் பொதுவானவை. டார்ஜிலிங்கைப் பாலில்லாமல்தான் சுவைக்க வேண்டும். இந்த நான்கும் நாவில் பதிந்த பிறகே கலவைகளுக்குச் செல்லுங்கள்.

இலங்கைப் பெட்டியில் வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால், அது முழுவதும் இலங்கையில் விளைந்து அங்கேயே பொதியப்பட்ட தேயிலை என்று பொருள். இந்தியத் தேயிலை வாரியமும் டார்ஜிலிங், அசாம், நீலகிரித் தேயிலைகளுக்குத் தனித்தனி முத்திரைகள் வைத்திருக்கிறது. ஒப்பிடும் மாதிரிகளை வாங்கும்போது இம்முத்திரைகளைத் தேடுவது நல்லது.

எடையும் நீரும் நேரமும்

தேயிலையைச் சுவைத்து ஆராய்வதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்றொரு பன்னாட்டுத் தரமுறை உள்ளது. 1980இல் முதலில் வெளியான அந்தத் தரமுறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, மூடி, 6 நிமிடம் ஊற விட வேண்டும். இது இனிய தேநீருக்கான செய்முறை அன்று. தேயிலையின் குறைகளைத் தப்பவிடாமல் வெளியே இழுப்பதற்கான அளவு. அதனால் முதல் வாய் உங்களுக்குக் கடுமையாக இருக்கும். அதைக் கண்டு தயங்க வேண்டாம். இனிப்பாகவும் இதமாகவும் கலந்து குடித்தால் மோசமான தேயிலையும் தேறிவிடும்.

டீ பேக்கைச் சோதிக்கும்போது பையின் எடையே முதற்சிக்கல். நம் கடைகளில் கிடைக்கும் பைகளில் பெரும்பாலும் 2 கிராம் இருக்கும். கிரீன் டீ, துளசி டீ போன்றவற்றில் அதைவிடக் குறையலாம். பிரிட்டனில் விற்கும் நூலில்லாத பைகளில் 3 கிராமை ஒட்டி இருப்பதும் உண்டு. ஒரு நிறுவனத்தின் 1.4 கிராம் பையையும் மற்றொன்றின் 2 கிராம் பையையும் ஒரே அளவு நீரில் போட்டுவிட்டு முன்னது சப்பென்று இருக்கிறதென்று சொல்வது நியாயமாகாது. பெட்டியின் நிகர எடையைப் பைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதற்கேற்ப நீரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்: 2 கிராம் பைக்கு 100 மில்லி, 1.4 கிராம் பைக்கு 70 மில்லி.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தேயிலையின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதி நீருக்கு உரியவை. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்ட தேநீரின் மேல் மெல்லிய ஏடு ஒன்று படரும். கோப்பையின் உட்புறத்தில் பழுப்பு வளையம் ஒட்டும். நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேநீரின் பொருள்களோடு சேர்ந்து உண்டாக்குவது அது. அந்த நீரில் நல்ல தேயிலையும் கருத்து, ஒளி மங்கி, துவர்ப்பு மழுங்கித் தெரியும். ஊட்டியில் ஒரு கடையில் குடித்துப் பார்த்து மயங்கி வாங்கி வந்த தேயிலை சென்னையில் அப்படி இல்லையே என்று பலர் குறைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மென்மையான மலை நீர். அத்துடன் அந்த உயரத்தில் நீர் 100 பாகைக்கு முன்பே, சுமார் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே நீங்கள் அன்றாடம் தேநீர் போடும் நீரிலேயே எல்லா மாதிரிகளையும் சோதியுங்கள். ஒரு பாத்திரத்தில் புதிதாகப் பிடித்த நீரை ஒரே தடவையில் கொதிக்கவைத்து எல்லாக் கோப்பைகளுக்கும் ஊற்றுங்கள். பாதிக்குக் கேன் நீரும் பாதிக்குக் குழாய் நீரும் என்று மாற்றக் கூடாது.

கிரீன் டீயைத் தொழில்முறைச் சோதனையில் கொதிநீரிலேயே போடுவார்கள். வீட்டில் குடிப்பதற்காகத் தேர்ந்தெடுப்பவர் கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, ஏறக்குறைய 80 பாகையில், இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்துச் சுவைத்தால் போதும். கறுப்புத் தேயிலையோடு அதை ஒரே வரிசையில் வைக்க வேண்டாம்.

பையைக் கத்தரித்துப் பாருங்கள்

ஊறவைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பையைக் கத்தரித்து உள்ளிருப்பதை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். பைக்குள் செல்வது பெரும்பாலும் ஃபேனிங்ஸ், டஸ்ட் எனப்படும் சிறு துகள்கள். இதைக் குப்பை என்று இகழும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அது சரியன்று. தேயிலையின் கிரேடு என்பது முதன்மையாகத் துகளின் அளவைக் குறிப்பதே தவிர, அது வந்த கொழுந்தின் தரத்தை அன்று. நல்ல தோட்டத்தின் டஸ்ட், மட்டமான தோட்டத்தின் முழு இலையைவிடப் பல மடங்கு மேலானது. தாளில் பார்க்க வேண்டியவை வேறு: துகள்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, கறுப்போ கரும்பழுப்போ சீராகப் படிந்திருக்கிறதா, செம்பழுப்பு நிற நார்களும் காம்புத் துணுக்குகளும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பவை. விரலிடையே தேய்த்தால் மொறுமொறுப்பாக உடைய வேண்டும். மெத்தென்று நசுங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது. நாரும் காம்பும் மிகுந்தால் கோப்பையில் திடம் இருக்காது.

உதிரியாக எடை போட்டு விற்கும் தூளாக இருந்தால், ஈரப்படுத்திய வடிதாளில் சிறிது தூவி, மேலே சில துளி நீர் தெளித்து, தூளை அகற்றிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். செயற்கை நிறம் சேர்த்த தூள் தாளில் திட்டுத் திட்டாகக் கறையை விட்டுச் செல்லும். ஒரு காந்தத்தைத் தூளின் மேல் ஓட்டினால் இரும்புத் துகள் இருப்பதும் தெரிந்துவிடும். இரண்டுமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுச் சோதனைகளாகப் பரிந்துரைப்பவை.

பிறகு காலியான அந்த உறையைத் தனியே ஒரு கோப்பையில் இட்டு கொதிநீர் ஊற்றி, ஆறிய பின் அந்த நீரைச் சுவையுங்கள். நல்ல தாளில் எந்தச் சுவையும் இராது. அட்டைப்பெட்டி வாடையோ பசையின் நெடியோ வந்தால், உள்ளே எவ்வளவு உயர்ந்த தேயிலை இருந்தாலும் அந்தப் பை வீண். பெட்டி பெட்டியாக டீ பேக் குடிப்பவர்களில் பலர் இதை ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை என்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி.

பையின் வடிவத்துக்கும் வேலை உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் ஆகிய இரு பெண்கள் 1901இல் காப்புரிமை கோரிய பருத்தி வலை உறையிலேயே, இலை வாய்க்குள் வந்துவிடாமலும் அதே சமயம் நீர் இலைகளுக்கிடையே தாராளமாகச் சுழலும்படியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1949இல் ஜெர்மனியில் அடால்ஃப் ராம்போல்ட் வடிவமைத்த எந்திரம் இரட்டை அறைப் பையைத் தந்ததும், பின்னாளில் பிரமிடு வடிவம் வந்ததும் இதே சிக்கலைத் தீர்க்கத்தான். ஊறிய துகள் பைக்குள் நெருக்கமாக அடைந்து நின்றால் சாறு முழுதாக இறங்காது. இதைச் சோதிக்க, ஒரு கோப்பையில் முழுப் பையையும் மற்றொன்றில் அதே பையைக் கத்தரித்துக் கொட்டிய தூளையும் ஒரே நேரம் ஊறவைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

நிறம் வேறு, திடம் வேறு

ஆறு நிமிடம் முடிந்ததும் டிகாஷனை வடித்துவிட்டு, சக்கையைக் கோப்பை மூடியில் கவிழ்த்து அதனதன் கோப்பைக்கு முன்னால் வையுங்கள். பகல் வெளிச்சம் விழும் சன்னலோரம் இதற்கு ஏற்ற இடம். மஞ்சள் குண்டு பல்பின் கீழ் எல்லா டிகாஷனும் அழகாகவே தெரியும்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். டஸ்ட் டீ போட்டவுடன் கருஞ்சிவப்பாக மாறுவதற்குக் காரணம் துகளின் சிறுமை. அசாமின் அம்குரி தோட்டத்தில் 1930களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. நீர் படும் பரப்பு பல மடங்கு கூடுவதால் சாறு உடனே இறங்குகிறது. ஆகவே விரைந்து வரும் நிறம் துகளின் அளவைச் சொல்கிறதே ஒழிய தேயிலையின் உயர்வைச் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது நிறத்தின் அடர்த்தியை அன்று, அதன் ஒளியை. தேயிலை புளிக்கும்போது, அதாவது நசுங்கிய இலை காற்றுப்பட்டு நிறம் மாறும் பதப்படுத்தும் கட்டத்தில், உண்டாகும் இருவகைப் பொருள்களில் தியாஃபிளாவின் பொன்னிற ஒளியையும் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தருகிறது. தியாருபிஜின் செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. முன்னது நிறைந்த டிகாஷன் கோப்பையின் விளிம்பில் பொன்வளையம் கட்டும். அடியில் நாணயத்தைப் போட்டால் பளிச்சென்று தெரியும். முன்னது குறைந்து பின்னது மட்டும் மிஞ்சினால் நிறம் கருத்திருக்கும், ஒளி இராது; குடித்தால் கனம் தெரியும், உயிர் தெரியாது.

சக்கையும் சாட்சி சொல்லும். நன்கு பதமாகப் புளித்த தேயிலையின் சக்கை புதுச் செப்புக்காசின் நிறத்தில் இருக்கும். பச்சை கலந்திருந்தால் புளிப்பு போதவில்லை. கறுத்து மங்கியிருந்தால் மிஞ்சிவிட்டது. சூடாக இருக்கும்போதே மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள், ஏனெனில் புகைவாடையும் பூசணவாடையும் டிகாஷனைவிடச் சக்கையில் முதலில் பிடிபடும்.

கோப்பைகளில் ஒன்றை முழுதாக ஆறவிட்டு வையுங்கள். திடமான சில டிகாஷன்கள் ஆறியதும் பால் சிந்தினாற்போல் கலங்கும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிட வேண்டாம்; தியாஃபிளாவினும் காஃபினும் சேர்ந்து திரள்வதால் அப்படி ஆகிறது, சூடுபடுத்தினால் தெளிந்துவிடும். அது நல்ல திடத்துக்கு அடையாளம்.

உறிஞ்சிச் சுவைத்தல்

டிகாஷன் வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரைக் கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும் இதற்கு மாற்று வழி இல்லை. உறிஞ்சும் வேகத்தில் டிகாஷன் திவலையாகி நாக்கெங்கும் பரவுகிறது. மணம் தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. இரண்டு மூன்று விநாடி வாயில் சுழற்றிவிட்டுத் துப்புங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் கரண்டியை வெந்நீரில் அலசுங்கள். ஒரே அமர்வில் ஐந்தாறு கோப்பைக்கு மேல் புதியவர் போகாமலிருப்பது நலம். அதற்குப் பிறகு துவர்ப்பு நாவில் படிந்து எல்லாம் ஒன்றுபோல் தோன்றும்.

மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். வாயில் கனம் இருக்கிறதா, அல்லது நிறமிட்ட நீர்போல் வழுக்கிச் செல்கிறதா? ஈறும் கன்னத்தின் உட்புறமும் சுண்டுகின்றனவா, அந்தச் சுண்டல் சில விநாடியில் விலகி வாயைத் தெளிவாக விடுகிறதா? துப்பிய பின் மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது? இரண்டாவதில்தான் பயிற்சி வேண்டும். டேஸ்டர்கள் பிரிஸ்க் என்று பாராட்டும் துவர்ப்பு உயிரோட்டமானது; வந்து போய்விடும். நாவில் மாவு பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்தாலும் போகாத துவர்ப்பு முரட்டுத்தனமே. கசப்பைத் துவர்ப்போடு குழப்பிக்கொள்ளாதிருங்கள்; கசப்பு நாவால் உணரும் சுவை, துவர்ப்பு இங்கே வாய் முழுதும் உணரும் இறுக்கம்.

குறைகளை அடையாளம் காண்பது சிறப்புகளை அடையாளம் காண்பதைவிட எளிது. புகைவாடை உலர்த்தும் எந்திரத்தில் புகை கசிந்ததால் வருவது; கருகல் வாடை அங்கே சூடு மிஞ்சியதால் வருவது. பச்சை இலை வாடையும் கசப்பும் சேர்ந்து வந்தால் புளிப்பு குறைவு. அட்டைப்பெட்டி போன்ற வெறுமையான சுவை பழைய சரக்கில் வரும். சோப்பு, பெருங்காயம், மிளகாய்த்தூள் வாடை வந்தால் தொழிற்சாலையைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் அலமாரியைப் பாருங்கள். தேயிலை அருகிலிருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், அதிலும் வெறும் காகித உறையிலிட்ட டீ பேக் மிக வேகமாக இழுத்துக்கொள்ளும்.

கலவையில் எதை மதிப்பது

பெரிய நிறுவனங்களின் பாக்கெட் தேயிலை ஒரு தோட்டத்தினது அன்று. பருவத்துக்குப் பருவம் கொழுந்தின் குணம் மாறும். ஆனால் வாங்குபவர் சென்ற மாதம் குடித்த அதே சுவையை இந்த மாதமும் எதிர்பார்க்கிறார். பல தோட்டங்களின் லாட்டுகளை (தனித்தனித் தொகுதிகளை) கூட்டிக் குறைத்து அந்த ஒரே சுவையைத் தக்கவைப்பதே கலப்பவரின் திறமை. எனவே கலவையிடம் வியப்பை எதிர்பார்க்கக் கூடாது; நம்பகத்தைச் சோதிக்க வேண்டும். பழைய பாக்கெட்டின் கடைசித் தூளைக் காற்றுப்புகாமல் கட்டிவைத்து, புதிய பாக்கெட் வந்ததும் இரண்டையும் ஒப்பிடுவது நல்ல வழி. தமிழகத்தில் த்ரீ ரோசஸ், சக்ரா கோல்டு போன்ற டஸ்ட் கலவைகள் நிலைபெற்றிருப்பதும் நம் பழக்கத்தையொட்டியே: நாம் பாலை மிகுதியாக ஊற்றி, டிகாஷன் மேலெழுந்து நிற்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட் என்று எழுதியிருக்கும் பெட்டிகளில் பொதுவாக அசாம், இலங்கை, கென்யத் தேயிலைகள் சேர்ந்திருக்கும். முதல் அமர்வில் சுவைத்தவை இங்கே உதவும். அடியிலிருக்கும் மால்ட் கனம் அசாமினுடையது, மேலே எழும் மணம் இலங்கையினுடையது, பளிச்சென்ற செந்நிறமும் கூர்மையும் பெரும்பாலும் கென்யாவினுடையது. இவற்றில் ஒன்று மற்றவற்றை அமுக்கிவிட்டால் கலவை சரியில்லை.

மணமூட்டிய தேயிலைகளை எப்போதும் கடைசியில் சுவையுங்கள்; புதினாவோ இஞ்சியோ ஒருமுறை நாவில் பட்டால் அடுத்த கோப்பைக்கு நியாயம் கிடைக்காது. ஏர்ல் கிரேயின் மணம் பெர்கமாட் என்னும் நாரத்தை இனப் பழத்தின் தோலெண்ணெயிலிருந்து வருவது. சூடாக இருக்கும்போது அந்த எண்ணெயே எல்லாவற்றையும் மறைத்துவிடும். முழுதாக ஆறவிட்டுச் சுவைத்தால் அடியிலுள்ள தேயிலை வெளிப்படும். அப்போது வெறும் நீராக இருந்தால், மட்டமான சரக்கை மணத்தால் மூடியிருக்கிறார்கள். ஏலக்காய் டீ, இஞ்சி டீ, துளசி கிரீன் டீ ஆகியவற்றுக்கும் இதே சோதனை பொருந்தும். செம்பருத்தி, சாமந்தி போன்றவற்றின் பைகளில் தேயிலையே இல்லை என்பதால் அவற்றை இந்த அளவுகோலால் அளக்க முடியாது.

பாலோடு ஒரு சுற்று, பெயரை மறைத்து ஒரு சுற்று

ஐ.எஸ்.ஓ. முறையில் பால் சேர்ப்பதாக இருந்தால் ஏறக்குறைய 150 மில்லி கொள்ளும் சிறு பாத்திரத்தின் தேநீருக்கு 2.5 மில்லிதான். அந்தச் சில துளிப் பாலில் நல்ல டிகாஷன் பளிச்சென்ற செம்பொன்னிறமாகும். மங்கியது சேறுபோல் சாம்பல் நிறம் காட்டும். இவ்வளவையும் முடித்த பிறகு, தேறிய இரண்டு மூன்றை மட்டும் உங்கள் வீட்டு வழக்கப்படி, பாலும் நீரும் சேர்த்துக் கொதிக்கவைத்து, சர்க்கரையில்லாமல் ஒருமுறையும் சர்க்கரையோடு ஒருமுறையும் குடித்துப் பாருங்கள். பாலிலுள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், வெறும் டிகாஷனில் முரடாக இருந்தது பாலில் சாந்தமாகி முதலிடத்துக்கு வருவதும், மணத்தால் கவர்ந்த நீலகிரி இருக்குமிடம் தெரியாமல் போவதும் இயல்பு. பாலில்லாமல் குடிப்பவரும் பாலோடு குடிப்பவரும் ஒரே பெட்டியை வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

இரண்டு தேயிலைகளுக்கிடையே உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா என்ற ஐயம் எழுந்தால் முக்கோணச் சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒருவரிடம் மூன்று கோப்பை தரச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் மற்றது, அடையாளம் கோப்பையின் அடியில் மட்டும். தனித்து நிற்பது எது என்று சொல்ல முயலுங்கள். வரிசையை மாற்றி நாலைந்து தடவை செய்தும் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் விலை குறைந்ததை வாங்கலாம். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கனம், துவர்ப்பு, மணம், குறை ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு சொல்லை, பெட்டியின் பெயர் தெரிவதற்கு முன்பே நோட்டில் எழுதிவைப்பது அதைவிடப் பயன்படும்.

விலையைக் கிராமுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 25 பைகள் கொண்ட பெட்டி பார்வைக்குப் பெரியது. பை ஒன்றுக்கு 2 கிராம் என்றால் உள்ளே இருப்பது 50 கிராம்தான். 250 கிராம் தூள் பாக்கெட்டின் விலையை ஐந்தால் வகுத்து அதனோடு ஒப்பிட்டால், பைக்கும் நூலுக்கும் உறைக்கும் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அலுவலகத்தில் வடிகட்டியும் அடுப்பும் இல்லாதவருக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமே. வீட்டில் ஆறேழு பேருக்குத் தேநீர் போடுபவருக்கு அது தேவையில்லாத செலவு. எதை வாங்கினாலும் முதலில் சிறிய பெட்டியையே வாங்குங்கள். பிரித்தவுடன் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, மசாலா அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள்.